மில் நின்றால் விழிக்கும் பிள்ளை

மில் நின்றது. பாயில் தூங்கிக்கொண்டிருந்த ஹஸ்னா கண்ணைத் திறந்தாள், கீழுதட்டைப் பிதுக்கினாள், பிறகு வீரிட்டு அழத் தொடங்கினாள்.

"பாத்தீங்களா மிஸ்ஸி!" என்று பௌஸியா மதினி பெருமையோடு சிரித்தார். "நான் சொன்னேன்தானே. மில் ஓடுற வரைக்கும் நல்லா தூங்குவா. நின்டா ஒடனே எழும்புவா. எங்கட மில் புள்ள!"

பௌஸியா மதினி என் கணவர் நிஸாரின் ராத்தா, மூத்த அக்கா. அடுத்த வீடு என்று பெயர்தான். பகல் முழுவதும் எங்கள் அடுப்படியில் இருப்பார். மிஸ்ஸி என்றால் எங்கள் பகுதிக்கு வரும் மிட்வைஃப். சிங்களவர், என்னை நங்கி, அதாவது தங்கச்சி என்று கூப்பிட்டு அரைகுறைத் தமிழில் அழகாகப் பேசுவார். அன்று பிள்ளையின் எடை பார்க்க வந்தவர், மில் சத்தத்தில் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருந்தார்.

மதினி சிரித்ததற்கு மிஸ்ஸி சிரிக்கவில்லை. குனிந்து, பாய்க்குப் பக்கத்தில் உள்ளங்கையைத் தரையில் வைத்தார்.

"நங்கி, மில்ல ஒருக்கா திரும்பப் போடச் சொல்லுங்க."

எதற்கென்று புரியாமலே நிஸாருக்குக் கையைக் காட்டினேன். அவர் போட்டார். தரை மெல்ல அதிரத் தொடங்கியது. பிள்ளையின் அழுகை அடங்கியது. மிஸ்ஸியின் கை தரையிலேயே இருந்தது.

அந்தக் கை அங்கே என்ன தேடியது என்று சொல்வதற்கு முன் எங்கள் மில்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிளகாய் அரைக்கும் நாளில் எங்கள் தெருவே தும்மும் கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். இந்த வாரம் மூக்கை விட்டுவிட்டுக் காதுக்கு வருகிறேன்.

சத்தத்துக்கு வாழ்க்கைப்பட்டவள்

நான் கலேவெலக்காரி. எங்கள் வாப்பாவின் வயல் பக்கம் பெரிய சத்தம் என்றால் மயில் கத்துவதுதான். அங்கிருந்து கல்யாணம் முடித்து உக்குவளைக்கு வந்தேன். வீட்டுக்கு முன்னால் மில், பின்னால் ரயில் பாதை. இரண்டுக்கும் நடுவில் நான்.

முதல் நாள் காலையில் மதினியும் நிஸாரும் கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுச் சீர் வரிசையில் ஏதோ குறை போலும், விடிந்ததும் சண்டை பிடிக்கிறார்கள் என்று கதவோரம் ஒளிந்து நின்றேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. தேத்தண்ணிக்குச் சீனி போடவா வேண்டாமா என்று மதினி கேட்கிறார், ஒரு கரண்டி போதும் என்று இவர் சொல்கிறார். அவ்வளவுதான்.

மில் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தொண்டை அப்படி. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவில்தான் திறக்கும்.

மில் வாசலில் வாய்க்கு வேலையே இல்லை. அங்கே எல்லாம் கை. பெருவிரலால் சுட்டுவிரலைத் தேய்த்துக் காட்டினால் மா மாதிரி நைசாக அரைக்க வேண்டும். விரல்களை விரித்து உதறினால் கொறகொறப்பாக எடுக்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால், சாமானை வைத்துவிட்டுப் போகிறேன், பிறகு வருகிறேன் என்று அர்த்தம். மல்லி கொண்டு வரும் தோட்டத்துத் தமிழ் அக்காமாரும், மிளகாய் கொண்டு வரும் சிங்கள ஆச்சிமாரும், எங்கள் ஆட்களும் இதையேதான் பேசுவார்கள். எங்கள் மில்லில் இனப் பிரச்சினை வந்ததே இல்லை. வந்தாலும் கேட்டிருக்காது.

வீட்டுக்குள்ளும் அதே பழக்கம்தான். கத்திக் களைத்துப் போனால் கையைக் காட்டுவோம். "வா" என்பதற்கு ஒரு கை, "சாப்பாடு" என்பதற்கு ஒரு கை, "ஆள் வந்திருக்கு, தலையில் முக்காடு போட்டுக்கொள்" என்பதற்கு ஒரு கை. ஹஸ்னா நடக்கப் பழகுவதற்கு முன்பே இவை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். பால் வேண்டுமா என்று கையால் கேட்டால் கையாலேயே போதும் என்பாள். பார்த்தவர்கள் எல்லாம் மாஷா அல்லாஹ், என்ன கெட்டிக்காரி என்றார்கள். கூப்பிட்டால் வருகிறாளா என்று கேட்டால், வருகிறாளே என்று நானும் சொல்வேன். நாங்கள் அவளைக் கூப்பிட்டது கையால்தான் என்பது எங்களுக்கே தோன்றவில்லை.

பிறந்தபோது காது பார்க்க ஒரு நாள் தந்திருந்தார்கள். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல். பிறகு போகலாம் என்றேன். "மில் நின்டா எழும்புற புள்ளக்கி என்னத்துக்கு காது பாக்கிற?" என்றார் மதினி. சரியான பேச்சாகத்தான் பட்டது.

வார்டே கேட்ட பாங்கு

காது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்களில் பிள்ளை பிறந்தால் அதன் வலது காதில் பாங்கு சொல்வது வழக்கம். தொழுகைக்குப் பள்ளிவாசலில் அழைப்பார்களே, அதே பாங்குதான். உலகத்துக்கு வந்த பிள்ளை முதலில் கேட்க வேண்டியது அதுவென்று பெரியவர்கள் சொல்வார்கள். மற்றவர்கள் அதைக் காதோரம் குனிந்து மெதுவாகச் சொல்வார்கள்.

நிஸாருக்கு மெதுவாக என்ற பழக்கமே இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் வாங்கினார், கண்ணை மூடினார், சொன்னார். வார்டே திரும்பிப் பார்த்தது. அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளை அழுதது. அதற்கடுத்த பிள்ளையும் அழுதது. ஒரு நர்ஸ் ஓடி வந்தார்.

எங்கள் பிள்ளை மட்டும் கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கினாள். "பாத்தியா, வாப்பாட சத்தத்துக்கு இப்பவே பழகிட்டா" என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

தரையில் வைத்த கை

மிஸ்ஸி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மில்லை விட்டு விலகி முற்றத்துக்குப் போனார். மாமரத்தடியில் நின்றுகொண்டு, மில்லை நிறுத்தச் சொன்னார்.

நின்றது. நாங்கள் எல்லோரும் ஹஸ்னாவின் முகத்தைப் பார்த்தோம். அவள் மிஸ்ஸியின் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு பிதுங்கவில்லை.

பின்னாலிருந்து ஏதாவது சத்தம் போடச் சொல்லி மிஸ்ஸி எனக்குச் சைகை காட்டினார். நான் பிள்ளைக்குப் பின்னால் போய், பிஸ்கட் டின்னின் மூடியைச் சிமெந்துப் படியில் போட்டேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது. ஹஸ்னா குடைப்பிடியை வாயில் வைத்துப் பார்த்தாள்.

"பாப்பா காதால கேக்கல்ல, நங்கி" என்றார் மிஸ்ஸி மெதுவாக. "கீழால தெரியுது. தரையால."

மதினி உடனே, "இல்ல மிஸ்ஸி, அவக்கி கொஞ்சம் அழுத்தம், திரும்ப மாட்டா" என்றார். எத்தனையோ பகல் அவளைத் தொட்டிலில் போட்டுப் பாடியிருக்கிறேன். அதெல்லாம் எங்கே போனது என்று நினைத்தேன்.

தூங்க வைக்க ஒரு த்ரீவீல்

மிஸ்ஸி அனுப்பிய காது கிளினிக்கில், சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும் என்றார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன வயர்களை ஒட்டுவார்கள். சத்தம் உள்ளே போகிறதா, மூளை அதற்குப் பதில் சொல்கிறதா என்று மெஷினில் தெரியும். பிள்ளைக்கு வலிக்காது, தூங்கினால் போதும்.

அந்தப் போதும்தான் பாடாய்ப் படுத்தியது. அந்த அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பஞ்சு மாதிரி மெத்தை. மற்றப் பிள்ளைகள் படுத்ததும் தூங்கிவிடுமாம். எங்கள் மில் பிள்ளைக்கு அதிராத மெத்தையில் தூக்கம் எப்படி வரும்? கண்ணை உருட்டி உருட்டி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை செய்யும் மிஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வரலாமா என்றார்.

நிஸார் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறு என்று கீழே இறங்கிப் போனார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்ற ஒரு த்ரீவீல்காரரிடம் ஏதோ பேசினார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் போகவில்லை. நின்ற இடத்திலேயே தடதடத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இவர் வாயைப் பிளந்து தூங்கும் பிள்ளையோடு மேலே வந்தார்.

"எங்க வெக்கிற?" என்றார், தன் வழக்கமான குரலில். அறையில் இருந்த எல்லோரும் "ஷ்ஷ்" என்றார்கள். ஹஸ்னா அசையவில்லை.

உள்காதில் குறை என்று டாக்டர் சொன்னார். நத்தை மாதிரிச் சுருண்ட ஒரு சின்ன உறுப்பாம், சத்தத்தைப் பிடித்து நரம்புக்குக் கொடுப்பது அதுதானாம். இரண்டு பக்கமும் அது சரியாக வேலை செய்யவில்லை. முழுக்கக் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. முதலில் கேட்கும் மெஷின் போட்டுப் பார்ப்போம். நோன்புப் பெருநாள் கழித்துத் திரும்பப் பார்க்கும்போது, பேச்சுக் குரலுக்குத் திரும்புகிறாளா என்று தெரிய வேண்டும். திரும்பாவிட்டால் பெரிய ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும்.

டாக்டர் சொன்னதற்கெல்லாம் நிஸார் "என்னா? என்னா சேர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஐயா, நீங்களும் அந்த ரூமுக்குள்ள போங்க" என்று அவரையும் அனுப்பிவிட்டார்கள். மில் சத்தம் அவருடைய காதையும் கொஞ்சம் தின்றிருந்தது. பெரிய சத்தம் எல்லாம் கேட்கும், மெல்லிய கீச்சுக் குரல்கள் போய்விட்டன. விசில், குருவிச் சத்தம், அந்த மாதிரி.

"நான் நெனச்சேன் உக்குவளையில குருவி இல்லாம போச்சின்னு" என்றார் நிஸார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"அப்ப நான் சொன்ன பாங்கு?"

"அது அல்லாஹ்வுக்குக் கேட்டிருக்கும்" என்றேன்.

"அவனுக்குக் கேக்கும் மரியம். நான் இவக்கித்தானே சொன்னேன்."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதை ரகசியமாகத்தான் சொன்னார், அவருடைய கணக்கில்.

பாம்பு வீடு

மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் உட்காரும் இளஞ்சிவப்புப் பூச்சிகள் இரண்டு. அதோடு பயிற்சி மிஸ்ஸும் வந்து சேர்ந்தார். மாத்தளைப் பிள்ளை, சின்ன வயது, கண்டிப்பானவர்.

"மெஷின் போட்டதும் கேட்டுரும்னு நெனைக்காதீங்க" என்றார். "சத்தம் உள்ள போகும். அது என்னான்னு பாப்பாவுக்குத் தெரியாது. அத நீங்கதான் படிச்சுக் குடுக்கணும். நாள் பூரா பேசுங்க. பக்கத்துல இருந்து, சாதாரணக் குரல்ல. கைய அப்புறமா காட்டலாம், மொதல்ல வாய்."

பிறகு சட்டங்கள். கூப்பிட்டுப் பார்க்கும்போது பின்னால் இருக்க வேண்டும். தொடக் கூடாது. நிழல் விழக் கூடாது. தரையில் தட்டக் கூடாது. கத்தவே கூடாது.

எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மில்லைக் காலையில் மட்டும் ஓட்டுவது என்று முடிவு செய்தோம். பிள்ளையின் படுக்கை பின் அறைக்குப் போனது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் "ஆ", "ஊ", "ம்ம்", "ஷ்ஷ்", "ஸ்ஸ்" என்று பயிற்சி செய்தோம். மெல்லிய சத்தம் முதல் கனத்த சத்தம் வரை இவற்றில் வந்துவிடுமாம். மல்லி அரைக்க வந்த ஒரு அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "வூட்டுக்குள்ள பாம்பு பூந்துருச்சாங்க?" என்று பதறிப் போய்க் கேட்டார்.

மதினி மட்டும் அடிக்கடி வெற்றி பெற்றார். "திரும்பினா! ஹஸ்னா திரும்பினா!" என்று கூவுவார். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளை உண்மையிலேயே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மதினி "ஹஸ்னா" என்று கூப்பிடுகிறார், கூடவே குதிகாலால் தரையில் ஒரு தட்டு. பிள்ளை திரும்புகிறாள்.

"மதினி, கால்!" என்றேன்.

"அது தானா போகுதுடி" என்றார். முகம் சுண்டிவிட்டது. "ஒரு தரமாவது திரும்பட்டும்னுதான்." அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு நாள் நிழலை விழவிட்டுப் பார்த்தவள்தான்.

இதற்கிடையில் ஹஸ்னா ஒரு மெஷினைக் கழற்றி மில்லுக்குள் எறிந்துவிட்டாள். வீடே தலைகீழானது. நிஸார் மல்லிச் சாக்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "எங்க? எங்க?" என்று எட்டுத் திசையும் பார்த்தார். அந்த மெஷினை ஏதாவது மூடிக்கொண்டால் கீச்சென்று விசிலடிக்கும். வாசலுக்கு வந்ததுமே எனக்குக் கேட்டது. அவர் கட்டிப் பிடித்திருந்த சாக்குக்குள் இருந்துதான் அது கத்திக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்கவில்லை.

வாயை மூடிய வாப்பா

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. மெஷின் மாட்டிய முதல் நாள் நிஸார் ஆசையோடு குனிந்து "ஹஸ்னா!" என்றார். மில் குரல். பிள்ளை தூக்கிவாரிப் போட்டு அலறி, என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகு நேரம் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பயிற்சி மிஸ் சந்தோஷப்பட்டார். பெரிய சத்தம் உள்ளே போகிறது, நல்லது என்றார். ஆனால் கத்தல் பேச்சு ஆகாது, சாதாரணக் குரலுக்குத் திரும்புவதுதான் கணக்கு என்றும் சொன்னார்.

நிஸாருக்கு அந்த நல்லது காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து பிள்ளைக்கு முன்னால் வாயே திறப்பதில்லை. கையால் கூப்பிடுவார், கையால் கொஞ்சுவார்.

"பேசுங்களேன்" என்பேன்.

"எனக்கு மெதுவாப் பேசத் தெரியாது மரியம். எனக்கு மெதுவா இருக்கிறது அவக்கி அடி மாதிரி இருக்கு. நீ பேசு, போதும்."

ஊருக்கே கேட்கும் மனிதர் சொந்தப் பிள்ளைக்கு ஊமையாகிப் போனார். பெருநாளும் வந்து போனது. கிளினிக் நாள் நெருங்கியது. குதிகால் தட்டாமல், நிழல் விழாமல், ஹஸ்னா இன்னும் ஒரு குரலுக்கும் திரும்பவில்லை. ஆபரேஷன் என்ற சொல்லை வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை

கிளினிக்குக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டாயிற்று. வெள்ளிக்கிழமையில் மில் பூட்டு. மதினி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

ஹஸ்னா மெத்தையில் உட்கார்ந்து சாதிக்காய்களை ஒவ்வொன்றாகக் கோப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் என் பக்கம். அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், சின்ன ஸ்டூலில் நிஸார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கால் இரண்டையும் தரையில் படாமல் ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் தூக்கி வைத்திருந்தார். மிஸ் சொன்ன சட்டம் எல்லாவற்றையும் மனிதர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தொண்டையைச் செருமக்கூட இல்லை. வலது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து பாங்கு சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது கல்யாணம் முடித்து இத்தனை காலத்தில் எனக்குத் தெரியாது. கரகரப்பாகத்தான் இருந்தது. ராகம் அங்கே இங்கே வழுக்கியது. ஆனால் மெதுவாக இருந்தது. தனக்கே சரியாகக் கேட்காத ஒரு குரலில் தட்டுத் தடுமாறிச் சொல்லிக்கொண்டு போனார்.

ஹஸ்னாவின் கை கோப்பைக்கு மேலே நின்றது. சாதிக்காய் விரலில்தான் இருந்தது. அவள் திரும்பவில்லை. கண் மட்டும் சுவரில் மேலும் கீழும் எதையோ தேடியது. தற்செயலாக இருக்கும் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். இப்படி எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறேன்.

பாதிக்கு மேல் வந்த நிஸாரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. நிறுத்திவிட்டார்.

ஹஸ்னா கொஞ்சம் பொறுத்தாள். பிறகு கீழுதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பிதுக்கல் எனக்கு நன்றாகத் தெரியும். பழக்க தோஷத்தில் என் கண் மில் பக்கம் போனது. மில் காலையிலிருந்தே ஓடவில்லை.

வீரிட்டு அழுதாள். அழுதுகொண்டே திரும்பி வாப்பாவின் வாயைப் பார்த்தாள்.

"நிஸார்! புள்ளய ஏன்டா அழ வெச்ச?" என்று அடுப்படியிலிருந்து மதினி கத்தினார்.

நிஸார் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சாய்ந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். ஹஸ்னா அழுகையை நிறுத்தினாள்.